புதிய இசையும் பொறுமையுள்ள செவியும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா மேடையில் எவற்றைப் பற்றிப் பேசுவது வழக்கம் என்பதை நாம் அறிவோம். சிலம்பின் சிறப்பு, வள்ளுவர் காட்டும் வாழ்க்கை, பாரதியின் நாட்டுப்பற்று என்று ஆண்டுதோறும் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இன்று எடுத்துக்கொண்ட பொருள் வேறு. அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரத்தைச் சேர்ந்த ராக் இசைக்குழு ஒன்று வெளியிட்ட ஓர் இசைத்தொகுப்பைப் பற்றியும், அதைக் கேட்டவர்கள் வழங்கிய தீர்ப்புகளைப் பற்றியும் பேசப் போகிறோம்.

'கிதார் வாசிக்கும் கூட்டத்துக்கும் தமிழ்ச் சங்கத்துக்கும் என்ன உறவு?' என்று முன்வரிசையில் சில புருவங்கள் உயர்வது தெரிகிறது. உறவு உண்டு. அது இன்னதென்று உரையின் பிற்பகுதியில் சொல்வோம். அது நமக்குப் பெருமை தரும் உறவு அன்று என்பதை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறோம்.

முதலில் ஒரு சொல்லை விளக்கிக்கொள்வோம். நம் வீட்டுப் பிள்ளைகள் 'இண்டி' என்று அடிக்கடி சொல்கிறார்கள். பெரிய இசைக் கம்பெனிகளின் பிடிக்குள் அடங்காமல், தம் பாட்டைத் தாமே எழுதி, தம் விருப்பப்படி அமைத்து வெளியிடும் குழுக்களுக்கு அப்பெயர் முதலில் வழங்கியது. நாளடைவில் அச்சொல் வாணிக முறையைக் குறிப்பதோடு ஓர் இசைப் போக்கையும் குறிக்கலாயிற்று. கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்ட குழுக்களிலும் அந்த மனப்போக்கு உடையவை உண்டு. நாம் பேசவிருக்கும் 'வில்கோ' என்னும் குழு அத்தகையது.

இல்லினாய் மாநிலத்தில் பெல்வில் என்னும் ஊரில் தோன்றிய 'அங்கிள் டுபெலோ' என்ற குழு 1994-ஆம் ஆண்டில் பிரிந்தது. அதன் உறுப்பினருள் ஒருவராகிய ஜெஃப் ட்வீடி, எஞ்சிய தோழர்களைச் சேர்த்துக்கொண்டு வில்கோவைத் தொடங்கினார். 1995, 1996, 1999 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுப்புகள் வெளிவந்தன. அவற்றை வெளியிட்டது ரீப்ரைஸ் என்னும் நிறுவனம். பாடகர் ஃபிராங்க் சினாட்ரா, கலைஞனுக்கு உரிமை வேண்டும் என்று எண்ணி 1960-இல் தொடங்கிய நிறுவனம் அது. பின்னர்ப் பெரிய வார்னர் குழுமத்தின் கையில் சென்று சேர்ந்தது.

நான்காவது தொகுப்பைக் குழுவினர் சிக்காகோவில் தமக்கென வைத்திருந்த மாடி அறை ஒன்றிலேயே பதிவு செய்தனர். ஒரே பாட்டைப் பல விதமாக வாசித்துப் பார்த்தனர். எளிய மெட்டு ஒன்றை எடுத்து, அதன்மேல் இரைச்சலையும் விட்டு விட்டு ஒலிக்கும் தாளத்தையும் சேர்த்தனர். வேண்டாதவற்றை நீக்கினர். இதற்கிடையே முரசு வாசிப்பவர் மாறினார். கிளென் காட்சி என்பவர் வந்தார். இறுதியில் ஒலிகளைக் கலந்து சீர்செய்யும் பொறுப்பை ஜிம் ஓ'ரூர்க் ஏற்றார். 'யாங்கீ ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்' என்று தொகுப்புக்குப் பெயரிட்டனர்.

இப்பெயர் வேடிக்கையானது. அதற்குப் பொருள் தேடினால் கிடைக்காது. ஆங்கில எழுத்துகளைக் கம்பியில்லாச் செய்தியில் பிழையின்றிச் சொல்வதற்காக ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல்லைக் குறித்திருக்கிறார்கள். அவற்றுள் மூன்று சொற்கள் இவை. சிற்றலை வானொலியில், யார் யாருக்கு அனுப்புகிறார் என்பது வெளிப்படாத வகையில், எண்களையும் எழுத்துகளையும் ஒரு குரல் திரும்பத் திரும்பப் படிக்கும் ஒலிபரப்புகள் உண்டு. அத்தகைய ஒலிபரப்புகளைத் திரட்டி 1997-இல் ஒரு தொகுப்பாக வெளியிட்டிருந்தார்கள். அதில் ஒரு பெண் குரல் இம்மூன்று சொற்களையும் சலிப்பின்றிச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அக்குரலைத் தம் பாட்டு ஒன்றின் முடிவில் குழுவினர் வைத்தனர். பாட்டு இரைச்சலில் மூழ்க, அக்குரல் மட்டும் மேலே ஒலிக்கிறது.

இங்கே நம் பெரியோர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். இந்த உருக்காலை நகருக்கு முதன்முதல் வந்த தலைமுறையினர், மாலை நேரங்களில் சிற்றலை வானொலியின் முள்ளை நகர்த்தி நகர்த்தி இலங்கை வானொலியின் தமிழ்ப் பாட்டைத் தேடியதை எத்தனை முறை சொல்லியிருக்கிறார்கள்! பாட்டு ஒரு கணம் வரும்; மறுகணம் கடல் இரைச்சல் போன்ற ஓசையில் மறையும். அந்த ஓசையும் பாட்டோடு சேர்ந்தே அவர்கள் நெஞ்சில் நிற்கிறது. தொலைவிலிருப்பவன் உறவை நோக்கி அனுப்பும் குரல், இரைச்சலைக் கடந்துதான் வரவேண்டியிருக்கிறது. சிக்காகோ இளைஞர்கள் இரைச்சலைத் தம் பாட்டில் வேண்டுமென்றே வைத்ததன் கருத்தும் அதுவே. ஒருவரோடொருவர் பேச விரும்பியும் பேச முடியாமல் தவிக்கும் மனிதரைப் பற்றியவை அப்பாட்டுகள். அங்கே இரைச்சல், பாட்டின் பொருளைத் தாங்கி நிற்கும் ஓர் உறுப்பு.

ஆயினும், 2001-ஆம் ஆண்டின் இடைப்பகுதியில் இத்தொகுப்பு ரீப்ரைஸ் நிறுவனத்தாரிடம் சென்றபோது, அவர்கள் செவிக்கு அது இரைச்சலாகவே பட்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் வார்னர் குழுமம் வேறொரு பெரிய நிறுவனத்தோடு இணைந்திருந்தது. செலவைக் குறைக்க வேண்டும், விற்கக்கூடியதையே விற்கவேண்டும் என்ற எண்ணம் மேலோங்கிய காலம். வானொலியில் ஒலிபரப்பத்தக்க பாட்டு இதில் ஒன்றும் இல்லை என்று முடிவு செய்தார்கள். வெளியிட மறுத்துக் குழுவையும் ஒப்பந்தத்திலிருந்து விடுவித்தார்கள். பதிவு நாடாக்களை எடுத்துக்கொண்டு குழுவினர் வெளியேறினர்.

அத்தொகுப்பு வெளிவருவதற்கு முதலில் குறித்திருந்த நாள் 2001 செப்டம்பர் 11. அந்நாளில் நியூயார்க்கில் நேர்ந்த கொடுமையை நாம் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 18-ஆம் நாள், குழுவினர் தம் முழுத் தொகுப்பையும் இணையத்தில் யாரும் பொருள் கொடுக்காமல் கேட்கும்படி வைத்துவிட்டனர். கேட்டவர்கள் திடுக்கிட்டார்கள். அதன் ஒரு பாட்டின் தலைப்பே அமெரிக்கக் கொடியின் சாம்பலைப் பற்றியது. தொகுப்பின் அட்டையில் சிக்காகோவின் மெரீனா சிட்டி என்னும் இரட்டைக் கோபுரங்கள். இவையெல்லாம் அந்நிகழ்ச்சிக்கு முன்னரே எழுதியும் பதிவு செய்தும் முடிந்தவை. ஆயினும் அழுது கொண்டிருந்த ஒரு நாட்டின் செவியில் அவை அன்று எழுதிய பாட்டுகளாகவே விழுந்தன. கேட்பவன் தன் காலத்தையும் துயரத்தையும் கொண்டுதான் கேட்கிறான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

அவ்வாண்டு நவம்பரில் நான்சச் என்னும் நிறுவனம் குழுவோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. 2002 ஏப்ரல் 23-ஆம் நாள் தொகுப்பு வெளிவந்தது. நான்சச் நிறுவனமும் அதே வார்னர் குழுமத்தைச் சேர்ந்ததே! ஒரு கை வேண்டாமென்று தள்ளியதை, அதே உடம்பின் மறு கை விலை கொடுத்து வாங்கிற்று. தொகுப்பு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 13-ஆம் இடத்தை எட்டியது. அதற்கு முன் அக்குழு எட்டாத உயரம் அது.

இனித் திறனாய்வாளர்கள் சொன்னதைப் பார்ப்போம். பிட்ச்ஃபோர்க் என்னும் இணைய இதழ் புதிய இசைத்தொகுப்புகளுக்குச் சுழியத்திலிருந்து பத்து வரை, தசமப் புள்ளியோடு மதிப்பெண் இடுவது. நம் பள்ளி ஆசிரியர்களுக்கும் வாய்க்காத துணிவு! அவ்விதழ் இத்தொகுப்புக்குப் பத்துக்குப் பத்து வழங்கியது. நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழ் நாடெங்கும் உள்ள இசைத் திறனாய்வாளர்களிடம் ஆண்டுதோறும் வாக்கெடுப்பு நடத்துவது வழக்கமாக இருந்தது. 2002-ஆம் ஆண்டுக்குரிய வாக்கெடுப்பில் முதலிடம் இத்தொகுப்புக்கே கிடைத்தது. வானொலிக்கு ஏற்ற பாட்டு இல்லை என்று கம்பெனி கண்ட அதே இடத்தில், பல நாள் கேட்டாலும் தீராத பாட்டு இருக்கிறது என்று இவர்கள் கண்டார்கள்.

இருவரும் கேட்டது ஒரே நாடாவைத்தான். பின் ஏன் இந்த வேறுபாடு? இருவரும் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு. வணிகர், 'இது நாளைக்கு விற்குமா?' என்று கேட்டார். திறனாய்வாளர், 'இது என்ன செய்ய முயல்கிறது? முயன்றதைச் செய்திருக்கிறதா?' என்று கேட்டார். முதல் கேள்விக்கு ஒரு பாட்டின் தொடக்கத்தைக் கேட்டாலே விடை சொல்லிவிடலாம் என்று தோன்றும். இரண்டாம் கேள்விக்குத் தொகுப்பை முடிவு வரை கேட்டாக வேண்டும். மறுமுறையும் கேட்க வேண்டும். முதல் கேள்வி தவறானது என்று நாம் சொல்லவில்லை. கடை நடத்துபவன் விற்பனையை எண்ணாமல் இருக்க முடியாது. ஆனால் முதல் கேள்விக்குரிய விடையை இரண்டாம் கேள்விக்குரிய விடையாக எடுத்துக்கொள்வதுதான் தவறு.

கம்பெனி மறுத்தது, அறிஞர் போற்றினர் என்று கதையை இத்துடன் முடித்துவிட்டால் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் முழு உண்மை ஆகாது. இரண்டு செய்திகளை மறைக்கக் கூடாது.

ஒன்று, மறுக்கப்பட்டது என்ற காரணத்தாலேயே ஒரு படைப்பு உயர்ந்ததாகிவிடாது. பெரிய நிறுவனத்தால் துரத்தப்பட்ட சிறிய குழு என்ற கதை, எழுதுபவர் மனத்தை ஈர்க்கக்கூடியது. சாம் ஜோன்ஸ் என்பவர் இக்குழுவின் போராட்டத்தைக் கறுப்பு வெள்ளையில் ஆவணப்படமாகவே எடுத்து 2002-இல் வெளியிட்டார். அந்தக் கதையின் கவர்ச்சி மதிப்புரைகளில் சிறிதும் கலக்கவில்லை என்று யார் சொல்ல முடியும்? ஆகவே கதை பழையதான பின்னரும் இசை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். 'ரோலிங் ஸ்டோன்' இதழ் வெளியிட்ட தலைசிறந்த 500 தொகுப்புகளின் பட்டியலில் 2012-இல் இதற்கு 493-ஆம் இடம். 2020-இல் வெளிவந்த புதிய பட்டியலில் 225-ஆம் இடம். 2022-இல் வெளியான இருபதாம் ஆண்டு நினைவுப் பதிப்புக்கு 2023-இல் கிராமி விருதும் கிடைத்தது. கதை தேய்ந்த பின்னரும் இசை வளர்ந்திருக்கிறது.

மற்றொன்று, அந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. பாடல்கள் பலவற்றை ட்வீடியோடு சேர்ந்து ஆக்கியவர் ஜே பென்னட். ஒலியை எவ்வாறு கலப்பது என்பதில் இருவருக்கும் பிணக்கு முற்றியது. தொகுப்பு முடிந்ததும் 2001-இல் பென்னட் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். தொகுப்பு வெளிவந்து உலகம் பாராட்டியபோது அவர் அக்குழுவில் இல்லை. 2009-இல் அவர் காலமானார். ஒரு படைப்பைப் பாராட்டும்போது, அதன் பின்னே நின்ற எல்லாக் கைகளையும் நினைப்பது நம் கடமை அன்றோ?

திறனாய்வாளரும் தவறுவது உண்டு. இங்கிலாந்தின் ரேடியோஹெட் குழு 2000-ஆம் ஆண்டில் 'கிட் ஏ' என்ற தொகுப்பை வெளியிட்டது. கிதாரை எதிர்பார்த்தவர்களுக்கு மின்கருவி ஒலிகளைக் கொடுத்தது. பிட்ச்ஃபோர்க் அதற்கும் பத்துக்குப் பத்து வழங்கியது. அதே தொகுப்பை, இங்கிலாந்தின் பழைய இசை இதழாகிய 'மெலடி மேக்கர்' கடுமையாகத் தூற்றியது. 2009-இல் ரோலிங் ஸ்டோன் இதழ் அந்தப் பத்தாண்டின் முதல் தொகுப்பாக அதையே தேர்ந்தது.

இன்னும் வருந்தத்தக்க செய்தியும் உண்டு. வாஷிங்டன் நகரத்து இண்டிக் குழு ஒன்றின் பாடகர் டிராவிஸ் மாரிசன். குழுவில் இருந்தபோது அவரைப் பாராட்டிய அதே பிட்ச்ஃபோர்க், 2004-இல் அவர் தனியே வெளியிட்ட முதல் தொகுப்புக்குச் சுழியம் இட்டது. ஒரு மனிதரின் பல மாத உழைப்புக்கு ஒரே வட்டம்! அதுவரை ஆதரித்தவர்களும் அதன்பின் விலகிச் சென்றார்கள். லிஸ் ஃபேர் என்னும் பாடகிக்கும் 2003-இல் அவ்விதழ் சுழியமே இட்டது. அந்த மதிப்புரையை எழுதியவர் 2019-இல் தம் தவற்றை உணர்ந்து வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 2021-இல் அவ்விதழ் தன் பழைய மதிப்பெண்களுள் சிலவற்றைத் திருத்தியபோது அந்தச் சுழியம் ஆறாக உயர்ந்தது. பின்னர் 2024-இல் அவ்விதழே வேறோர் இதழின் நிருவாகத்துக்குள் அடங்கிவிட்டது. மதிப்பெண் இட்ட கோலுக்கும் காலம் மதிப்பெண் இடுகிறது.

தீர்ப்பைத் திருத்திக்கொள்வது இழிவு என்று நினைப்பவர்களுக்கு நம் நாட்டுச் செய்தி ஒன்றைச் சொல்வோம். 1930-களில் பாரதியை மகாகவி என்று சொல்லலாமா என்று தமிழ்நாட்டில் ஒரு பெரிய வாதம் நடந்தது. சொல்லலாகாது என்ற பக்கம் நின்று எழுதியவர் கல்கி. அதே கல்கிதான் பின்னர் ஊர் ஊராகப் பொருள் திரட்டி, எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழக் காரணமாக இருந்தார். 1947-இல் அது திறக்கப்பட்டது. முன்னர் எழுதியதை எண்ணி அவர் முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை. கல்லும் சுண்ணமும் கொண்டு அவர் எழுதிய இரண்டாவது மதிப்புரை அம்மண்டபம் என்றே சொல்லலாம்.

இப்போது நாம் முதலில் சொன்ன உறவுக்கு வருகிறோம்.

சென்ற ஆண்டு, விழாவுக்கு ஆறு வாரங்களுக்கு முன், நம் காலனியின் பிள்ளைகள் நால்வர் விழாக் குழுவினராகிய நம்மிடம் வந்தார்கள். தாங்களே எழுதி, தாங்களே இசையமைத்துப் பாடிய ஆறு பாட்டுகளின் பதிவைக் கொடுத்தார்கள். விழாவில் பாட வாய்ப்புக் கேட்டார்கள். ஒரு மாலை வேளையில் நாம் ஐவரும் ஒரு வீட்டில் கூடினோம். மின்விசிறி சுழல, கைப்பேசியை மேசைமீது வைத்துக் கேட்டோம். முதற்பாட்டை முழுதும் கேட்டோம். அதற்குள் தேநீர் வந்தது. இரண்டாம் பாட்டு ஒரு நீண்ட ஊளை ஒலியோடு தொடங்கிற்று. 'பதிவு சரியில்லை' என்றார் நம்முள் ஒருவர். 'பாதி இந்தி, பாதி தமிழ். இது தமிழ்ச் சங்கத்துக்கு ஆகாது' என்றார் மற்றொருவர். பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, பட்டுப் புடவைக் கடை விளம்பரத்தை மலரின் எந்தப் பக்கத்தில் போடுவது என்ற பேச்சுக்குப் போய்விட்டோம். மறுநாள், 'விழாவின் தரத்துக்குப் பொருந்தாது' என்று ஒரே வரியில் பதில் அனுப்பினோம். காரணம் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு திங்கள் கழிந்தன. நம் சங்கத்தின் பழைய உறுப்பினர் ஒருவர் ஆலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். முப்பத்திரண்டு ஆண்டு வாழ்ந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஊருக்குப் புறப்பட வேண்டும். வழியனுப்பு விருந்துக்கு நாம் ஐவரும் போயிருந்தோம். பெட்டிகள் கட்டிக் கிடந்த அந்தக் கூடத்தில், அவர் மகள் ஒரு கிதாரை எடுத்து ஒரு பாட்டைப் பாடினாள். அவள் அந்த நால்வருள் ஒருத்தி. பாட்டு, அந்த ஆறனுள் ஐந்தாவது.

அது ஒரு வீட்டைக் காலி செய்வதைப் பற்றிய பாட்டு. கதவு நிலையில் ஆண்டுதோறும் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள்மேல், அடுத்து வருபவருக்காகச் சுண்ணாம்பு அடிக்கப்படுகிறது. பாட்டி தமிழில் வினவுகிறாள். பேத்திக்கு விடை இந்தியில்தான் வருகிறது. எந்த ஊருக்குத் திரும்புகிறோம் என்று தந்தை சொல்ல, 'அது உங்கள் ஊர், என் ஊர் இதுதானே' என்று மகள் நினைக்கிறாள், வாய்விட்டுச் சொல்லவில்லை. அவ்வளவுதான் பாட்டு. பாதி இந்தி, பாதி தமிழ் என்று நாம் குறைகூறியது பாட்டின் கருவையே. நம் வீடுகளில் வழங்கும் மொழி அதுவன்றோ?

அன்று இரவே மற்றப் பாட்டுகளைக் கேட்டு வாங்கி முழுதும் கேட்டோம். இரண்டாம் பாட்டின் தொடக்கத்தில் ஒலித்த ஊளையைப் பதிவின் பிழை என்று எண்ணினோமே, அது நம் ஆலையின் சங்கு! ஷிப்ட் மாறும் நேரத்தில் அதைப் பதிவு செய்து பாட்டின் முன்னே வைத்திருக்கிறார்கள். நம்மை இத்தனை ஆண்டுக் காலம் எழுப்பிய சங்கு. நாம் சோறு உண்ணவும் உறங்கவும் நேரம் சொன்ன சங்கு. அதையே நம் செவி அடையாளம் காணவில்லை. சிக்காகோக்காரர்களின் வானொலி இரைச்சலைக் கேட்டுக் கம்பெனிக்காரர் செய்த தவற்றை, அதைவிட எளிதாக நாம் செய்தோம். அவர்களாவது ஒரு தொகுப்பை முழுதும் கேட்டு மறுத்திருப்பார்கள். நாம் ஒன்றரைப் பாட்டில் தீர்ப்பு எழுதினோம்.

அவர்கள் பாட்டு எல்லாம் குறையற்றவை என்று இப்போது புகழ வரவில்லை. அப்படிப் புகழ்ந்தால் அது மறுபக்கத்துத் தவறாகும். ஆறு பாட்டுகளுள் இரண்டு இன்றும் நம் மனத்துக்கு ஒட்டவில்லை. ஒன்றில் தாளம் இடையில் தளர்கிறது. மற்றொன்றில் தமிழ்ச் சொற்கள் மெட்டுக்குள் அடங்காமல் முட்டுகின்றன. குறிலை நெடிலாக நீட்டிச் சொல் சிதைகிறது. இவற்றை அவர்களிடம் நேரே சொன்னோம். அவர்கள் வருந்தவில்லை. 'இதைத்தான் அங்கிள், போன வருஷமே கேட்டோம்' என்றான் ஒருவன். அந்த ஒரு வரியில் நமக்கு உரிய மதிப்பெண் கிடைத்துவிட்டது. புகழ்ச்சியை நாடி அவர்கள் வரவில்லை. கேட்கப்பட வேண்டும் என்று வந்தார்கள்.

அந்த நால்வருள் ஒருவன் அதன்பின் பல மாதம் சங்கத்தின் பக்கமே வரவில்லை. பொங்கல் விழாவுக்கும் வரவில்லை. பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பற்று இல்லை என்று நாம் ஒவ்வோர் ஆண்டும் இந்த மேடையில் குறைபட்டுக்கொள்கிறோம். தமிழில் ஒரு பாட்டு எழுதிக்கொண்டு வாயிலில் வந்து நின்ற பிள்ளையை யார் திருப்பி அனுப்பியது? சிக்காகோக் குழுவுக்கு ஒரு கம்பெனி மறுத்தால் வேறு கம்பெனி இருந்தது. இந்நகரத்தில் தமிழ்ப் பாட்டோடு வரும் பிள்ளைக்கு நம் சங்கத்தை விட்டால் வேறு அவை எது?

வள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். 'அவையறிதல்' என்றும், 'அவையஞ்சாமை' என்றும் பின்னர் இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். பேசுபவன் அவையை அறிய வேண்டும் என்று நாம் பிள்ளைகளுக்கு ஓயாமல் சொல்கிறோம். அவையும் கேட்கத் தெரிந்த அவையாக இருக்க வேண்டும் என்பதை நமக்கு நாமே சொல்லிக்கொள்வதில்லை.

ஆகவே விழாக் குழு மூன்று முடிவுகள் செய்திருக்கிறது. முதலாவது, இனி ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் அரைமணி நேரம் இக்காலனியில் பிறந்த புதிய பாட்டுக்கும் கவிதைக்கும் நாடகத்துக்கும் உரியது. அது பேச்சாளரின் நேரத்திலிருந்து எடுக்கப்படும்; அதனால் யாருக்கும் வருத்தம் இராது என்று நம்புகிறோம். இரண்டாவது, எந்தப் படைப்பையும் குழுவினர் முழுதும், இருமுறை கேட்காமல் முடிவு சொல்வதில்லை. மூன்றாவது, மறுக்க நேர்ந்தால் காரணத்தை எழுதிக் கொடுப்போம். அந்தக் காரணம் தவறென்று பின்னர்த் தெரிந்தால், அதை அடுத்த ஆண்டு மலரில் அச்சிட்டு ஒப்புக்கொள்வோம். இவ்வுரையை இம்மலரில் வெளியிடுவது அந்த மூன்றாம் முடிவின் முதற்பயன்.

இன்னும் சில நிமிடங்களில் அந்த நான்கு பிள்ளைகளும் இம்மேடைக்கு வரப்போகிறார்கள். ஓய்வு பெற்றுச் சென்ற உறுப்பினரின் மகள், இதற்காகவே ஊரிலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்திருக்கிறாள். பல மாதம் சங்கத்துக்கு வாராதிருந்தவனும் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு அதோ பக்கவாயிலில் நிற்கிறான். முதலில் ஆலைச் சங்கு ஒலிக்கும். ஒலிபெருக்கி பழுதென்று யாரும் எழுந்து போகவேண்டாம். பிறகு சில பாட்டுகள் உங்களுக்குப் பிடிக்கும்; சில பிடிக்காமலும் போகலாம். இரண்டையும் அவர்களிடம் நேரில் சொல்லுங்கள். ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனால் கடைசிப் பாட்டு முடியும் வரை இருந்து கேட்டபின் சொல்லுங்கள்.

நாம் பேசவேண்டியது முடிந்தது. இனிக் கேட்போம்.